காணாமப் போனவங்களத் தேட டிடெக்டிவ் வைக்கலாமா? அவங்களால எது முடியும், எது முடியாது

வீட்டுல ஒருத்தர் காணாமப் போயிட்டா முதல் ரெண்டு நாள் சொந்தக்காரங்க வீடு, ஃப்ரெண்ட்ஸ் வீடு, ஆஸ்பத்திரினு அலையுறதுலயே போயிடும், மூணாவது நாள் ஸ்டேஷனுக்குப் போனா "தேடிட்டுதாம்மா இருக்கோம், தகவல் வந்தா சொல்றோம்"னு அனுப்பிடுவாங்க, அப்பதான் சொந்தத்துல யாராவது ஒருத்தர் "எனக்குத் தெரிஞ்ச டிடெக்டிவ் ஏஜென்சி இருக்கு, காசு கொடுத்தா ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிடுவாங்க"னு ஒரு நம்பரக் கொடுப்பாரு. அந்த நிமிஷத்துல அந்த நம்பர் சாமி மாதிரி தெரியும். நகைய அடகு வச்சாவது கட்டிடலாம்னுதான் தோணும்.

அந்த நம்பருக்குக் கூப்பிடுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியத எல்லாம் அடிப்படைல இருந்து பார்த்துடலாம். டிடெக்டிவ் வைக்கவே கூடாதுனு நான் சொல்ல வரல, சில கேஸ்ல அவங்க உண்மையாவே உதவுவாங்க. ஆனா அவங்கள எந்த வேலைக்கு வைக்கிறோம்னு தெரியாம வச்சா காசும் போயிடும், அத விட முக்கியமான முதல் பத்து நாளும் போயிடும்.

சட்டத்தோட கண்ணுல டிடெக்டிவ் யாரு?

இந்தியாவுல தனியார் டிடெக்டிவுக்குனு லைசென்ஸ் முறையே கிடையாது. 2007-ல தனியார் துப்பறியும் நிறுவனங்கள ஒழுங்குபடுத்த ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்துச்சு, அது சட்டமாகவே ஆகல. 2005-ல வந்த தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டம் செக்யூரிட்டி கார்டு அனுப்புற கம்பெனிகளுக்கானது, அதுல வாங்குற லைசென்ஸுக்கும் ஆள் தேடுற வேலைக்கும் சம்பந்தமே இல்ல. அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலங்கள்ல லைசென்ஸ் இல்லாம இந்தத் தொழில் செய்யவே முடியாது, இங்க நாளைக்குக் காலைல ஒரு போர்டு மாட்டினா போதும், டிடெக்டிவ்தான்.

அதனால "அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம்"னு விளம்பரத்துல பார்த்தா அது பெரும்பாலும் கம்பெனிப் பதிவோ, ஜிஎஸ்டி நம்பரோ, சிறுதொழில் பதிவோ தான். துப்பறியத் தகுதி இருக்குனு யாரும் பரீட்சை வச்சுக் கொடுத்தது கிடையாது.

இதுல இருந்து வர்ற விஷயம்தான் ரொம்ப முக்கியம்: உங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கோ அதே அதிகாரம்தான் டிடெக்டிவுக்கும். லாட்ஜ் ரெஜிஸ்டரக் காட்டுனு அவர் கட்டாயப்படுத்த முடியாது, பேங்க்ல கணக்கு விவரம் கேட்க முடியாது, போன் கம்பெனில டவர் லொகேஷன் வாங்க முடியாது, யாரையும் பிடிச்சு உக்கார வச்சு விசாரிக்க முடியாது. "நான் கிரைம் பிராஞ்ச்"னு சொல்லிக்கிட்டு ஒரு வீட்டுக்குள்ள போனா அது அரசு ஊழியர் மாதிரி ஆள்மாறாட்டம், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 204-ம் பிரிவுல குறைஞ்சது 6 மாசம் ஜெயில். அவர்கிட்ட இருக்கிறது நேரம், அனுபவம், ஊர் ஊரா ஆள் தொடர்பு, நாலு பேர்கிட்ட பேசி விஷயத்த வாங்குற சாமர்த்தியம், அவ்வளவுதான். அதுவே சில சமயம் பெரிய உதவிதான்.

அதனால ஸ்டேஷன் வேலை முதல்ல

"போலீஸ் ஒண்ணும் செய்யல, அதான் டிடெக்டிவ்"னு சொல்றவங்கள்ல நிறைய பேர் கையில எஃப்.ஐ.ஆரே இருக்காது. ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டு வந்திருப்பாங்க, அது எந்த நிலைல இருக்குனே தெரியாது. ஸ்டேஷன்ல கவனிக்க வேண்டியது இது:

1. 24 மணி நேரம் காத்திருக்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லல. காணோம்னு சந்தேகம் வந்த உடனே புகார் கொடுக்கலாம். "நாளைக்கு வாங்க"னு சொன்னா இன்னைக்கே எழுதி வாங்கிக்கச் சொல்லுங்க.

2. 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைனா பேச்சே இல்ல, எஃப்.ஐ.ஆர் போட்டே ஆகணும். 2013 மே மாசம் பச்பன் பச்சாவோ ஆந்தோலன்ங்கிற குழந்தை உரிமை அமைப்பு தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் இதத் தெளிவா சொல்லிடுச்சு, காணாமப் போன குழந்தை கடத்தப்பட்டிருக்கலாம்ங்கிற கணக்குலதான் விசாரணைய ஆரம்பிக்கணும். 4 மாசத்துக்குள்ள கிடைக்கலனா மனிதக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குக் கேஸ் போகணும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் உடனே சொல்லிடணும்.

3. பெரியவங்கனா தமிழ்நாட்டுல "பெண் காணவில்லை", "ஆண் காணவில்லை"னு தலைப்புப் போட்டு எஃப்.ஐ.ஆர் பதியுற வழக்கம் இருக்கு. சில இடத்துல சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவாங்க. சி.எஸ்.ஆர்ங்கிறது உங்க மனு வந்துச்சுங்கிறதுக்கு அத்தாட்சி மட்டும்தான், வழக்கு பதிஞ்சாச்சுனு அர்த்தம் இல்ல. இந்த வித்தியாசம் தெரியாம மாசக்கணக்குல "கேஸ் கொடுத்திருக்கோம்"னு நம்பிக்கிட்டு இருக்கிற குடும்பங்கள நினைச்சா வேதனையா இருக்கு.

4. ஒருத்தர் காணாமப் போறது மட்டுமே குற்றம் ஆகாது. கடத்தல், மிரட்டல், கடன்காரங்க தொல்லை, வேலை வாங்கித் தர்றேன்னு கூட்டிட்டுப் போனவர்னு ஏதாவது சந்தேகம் இருந்தா அத புகார்ல வரி வரியா எழுதணும். ஏன்னா பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம் நடந்திருக்குனு புகார்லயே தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர் கட்டாயம்னு லலிதா குமாரி வழக்குல 2013 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்தோட 5 நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கு. "மனசு கஷ்டத்துல போயிட்டாரு"னு மட்டும் எழுதிட்டு உள்ள இருக்கிற சந்தேகத்த வாயால சொல்லிட்டு வந்தா அது எங்கயும் பதிவாகாது. அதே மாதிரி குற்றச் சந்தேகம் இருந்தா "அது எங்க லிமிட் இல்ல"னு திருப்பி அனுப்பவும் முடியாது, 2024 ஜூலை 1-ல இருந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா நடைமுறைல இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ம் பிரிவுப்படி எந்த ஸ்டேஷன்லயும் பதியலாம், பேச்சு வழக்குல ஜீரோ எஃப்.ஐ.ஆர்னு சொல்றது இததான்.

5. வாங்க மாட்டேன்னு சொன்னா அதே 173-ம் பிரிவு, 4-வது உட்பிரிவுப்படி எஸ்.பி.க்கு தபால்ல அனுப்பலாம், சென்னை மாதிரி நகரம்னா கமிஷனர் ஆபீஸ். அதுக்கும் பலன் இல்லனா மாஜிஸ்ட்ரேட் கோர்ட். வக்கீலுக்குக் காசு இல்லனா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100-க்குக் கூப்பிடலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கொடுப்பாங்க.

யாரோ பிடிச்சு அடைச்சு வச்சிருக்காங்கனு நியாயமான சந்தேகம் இருந்தா ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போடலாம், தென் மாவட்டம்னா மதுரைக் கிளைல. இது ரொம்ப வலுவான வழி, போலீஸ் கோர்ட்ல வந்து என்ன செஞ்சோம்னு பதில் சொல்லியாகணும். ஆனா அடைச்சு வச்சிருக்காங்கனு காட்ட எதுவுமே இல்லாம, வெறும் காணோம்னு போட்டா நிக்காது.

சீக்கிரம் அழியுற தடயம், அழியாத தடயம்

டிடெக்டிவ் வேணுமா வேண்டாமானு முடிவு பண்ண எனக்குத் தெரிஞ்ச நேரான கேள்வி இதுதான்: இப்ப எது அழிஞ்சுக்கிட்டு இருக்கு?

போன் கால் விவரம், அதான் சிடிஆர், சீக்கிரம் அழியாது. 2021 டிசம்பர்ல இருந்து போன் கம்பெனிகள் அத குறைஞ்சது 2 வருஷம் வச்சிருக்கணும்னு விதி. பேங்க் கணக்கு, யுபிஐ, ரயில் டிக்கெட் ரிசர்வேஷன் எல்லாம் கம்ப்யூட்டர்ல பதிவா கிடக்கும். இதெல்லாம் போலீஸ் நோட்டீஸ் கொடுத்தா வரும், இன்னைக்கு வராட்டியும் அடுத்த வாரம் வரும்.

சிசிடிவி அப்படி இல்ல. தெருமுனை மளிகைக் கடை, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடை, ஏடிஎம் வாசல், அபார்ட்மெண்ட் கேட், இங்கெல்லாம் ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சதும் பழசு மேல புதுசு ஏறிடும், டிஸ்க் அளவப் பொறுத்து பத்து பதினஞ்சு நாளோ ஒரு மாசமோதான் இருக்கும். ஆட்டோ டிரைவரோட ஞாபகம் அத விடக் குறைவு. "செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நீலச் சட்டை போட்ட பையன் ஏறினானா"னு வெள்ளிக்கிழமை கேட்டா பதில் வரும், அடுத்த மாசம் கேட்டா அவரே குழம்பிப் போயிடுவாரு. டவுன் பஸ் கண்டக்டர், லாட்ஜ் ரூம் பாய், கோயில் வாசல்ல பூ விக்கிற அம்மா எல்லாரும் இதே கணக்குதான்.

ஒரு ஸ்டேஷன்ல ஒரு எஸ்.ஐ. கையில பத்துப் பதினஞ்சு கேஸ், பந்தோபஸ்து டூட்டி, கோர்ட்டுனு ஓடிட்டு இருப்பாரு, அவர் கடை கடையா ஏறி இறங்குவாருனு எதிர்பார்க்க முடியாது. டிடெக்டிவ் உபயோகப்படுற இடம் இங்கதான். அழியுற தடயத்தப் பொறுக்கி எடுக்க ஆளும் காலும் வேணும், அதுக்குக் காசு கொடுக்கலாம். அழியாத தடயத்துக்கு அதிகாரம் வேணும், அது போலீஸ்கிட்டயும் கோர்ட்கிட்டயும்தான் இருக்கு, அதுக்கு டிடெக்டிவ்கிட்ட காசு கொடுக்குறது வீண். வீட்டுலயே துடிப்பான நாலு பசங்க, ரெண்டு பைக், கையில நல்ல போட்டோ இருந்தா முதல் வாரத்துல டிடெக்டிவ் செய்யுற வேலைய அவங்களே செஞ்சிடலாம். கடைக்காரர்கிட்ட "எங்களுக்குக் காட்ட வேண்டாம் அண்ணே, அழிஞ்சு போகாம ஒரு காப்பி எடுத்து வைங்க, போலீஸ் வந்து கேப்பாங்க"னு கேட்டா பாதிப் பேர் சரினு சொல்லிடுவாங்க. எந்தக் கடை, எந்தத் தேதி, எந்த நேரம்னு ஒரு லிஸ்ட் எழுதி விசாரணை அதிகாரிகிட்ட மனுவாக் கொடுத்து ரசீது வாங்கிக்கணும்.

போன்ல குடும்பமே நேர்மையா செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கு. சிம் உங்க பேர்ல இருந்தா அந்த நம்பரோட கால் விவரத்த கம்பெனில நீங்களே கேட்கலாம், ஏன்னா சட்டப்படி கஸ்டமர் நீங்கதான். நம்ம வீடுகள்ல அப்பா பேர்லயோ அண்ணன் பேர்லயோ வாங்கின சிம் நிறைய ஓடுது, இது பலருக்கு ஞாபகமே வர்றதில்ல.

"சிடிஆர் எடுத்துத் தர்றேன்"னு சொன்னா எழுந்து வந்துடுங்க

நிறைய ஏஜென்சி ஆசை காட்டுறதே இதுலதான். "கம்பெனில நமக்கு ஆள் இருக்கு, ரெண்டு நாள்ல டவர் லொகேஷன் வந்துடும், அதுக்குத் தனியா கொடுத்துடுங்க." தவிச்சுப் போயிருக்கிற குடும்பத்துக்கு இதக் கேட்டா உயிரே திரும்பி வந்த மாதிரி இருக்கும்.

ஆனா அது திருட்டு. அதிகாரம் இல்லாம டெலிகாம் கம்பெனி டேட்டாவ எடுக்குறதோ எடுக்க முயற்சி பண்றதோ தொலைத்தொடர்புச் சட்டம் 2023, 42-ம் பிரிவுப்படி 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 2 கோடி ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. இந்தப் பிரிவு 2024 ஜூன்ல இருந்து நடைமுறைக்கு வந்தாச்சு. பேப்பர்ல மட்டும் இருக்கிற சட்டம்னு நினைக்காதீங்க, இந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடியே 2013-ல டெல்லியிலயும் 2018-ல மகாராஷ்டிராவுல தானேயிலயும் சிடிஆர் வாங்கி வித்த கேஸ்ல தனியார் டிடெக்டிவ்களக் கைது பண்ணியிருக்காங்க. காசு கொடுத்து வாங்கினவங்க கதவையும் போலீஸ் தட்டும்.

இன்னொரு பக்கமும் யோசிங்க. நாளைக்கு அது கொலைக் கேஸாவோ கடத்தல் கேஸாவோ மாறிடுச்சுனா, நீங்க கள்ளத்தனமா வாங்கின பேப்பர வச்சுக்கிட்டு எதிர்த்தரப்பு வக்கீல் "இவங்களே தடயத்துல கை வச்சிருக்காங்க"னு வாதாட வழி கிடைச்சிடும். நியாயம் உங்க பக்கம் இருக்கும்போது அதக் கெடுத்துக்கக் கூடாது. பல சமயம் அந்த டவர் லொகேஷன்னு கொடுக்குற பேப்பரே கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சதா இருக்கும், சரிபார்க்க உங்களுக்கு எந்த வழியும் இல்ல.

காணாமப் போனவரோட போன்ல உளவு ஆப் போடுறேன், ஃபேஸ்புக்க ஹேக் பண்றேன்னு சொல்றதும் இதே ரகம்தான், அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல வரும்.

நல்ல டிடெக்டிவ் எப்படி வேலை செய்வாரு

உருப்படியா வேலை தெரிஞ்சவர் முதல்ல உங்ககிட்ட எஃப்.ஐ.ஆர் காப்பி கேப்பாரு. அது இல்லனா "போட்டுட்டு வாங்க"னு சொல்லுவாரு. அடுத்து காணாமப் போனவரோட கடைசி மூணு நாள மணிக்கணக்குல எழுதச் சொல்லுவாரு: எத்தன மணிக்கு எந்திரிச்சாரு, யாருகூட போன்ல பேசினாரு, என்ன சாப்பிட்டாரு, பேக்ல என்ன எடுத்துட்டுப் போனாரு, மாத்திரை எடுத்தாரா, போன் சார்ஜர் எடுத்தாரா. சார்ஜரும் சர்டிபிகேட்டும் சேர்ந்து காணோம்னா அது ஒரு கதை, செருப்பு கூட போடாம போயிருந்தா அது வேற கதை.

அப்புறம் வீட்டுக்காரங்ககிட்ட தனித்தனியா பேசுவாரு. ஏன்னா அம்மாவுக்குத் தெரியாதது தங்கச்சிக்குத் தெரியும், தங்கச்சி சொல்லாதத ரூம்மேட் சொல்லுவாரு. போலீஸ்கிட்ட பேசப் பயப்படுற ஃப்ரெண்ட்ஸ் ஒரு சாதாரண ஆள்கிட்ட பேசிடுவாங்க, டிடெக்டிவோட பெரிய பலம் இதுதான்னு நான் நினைக்கிறேன். இதுல குடும்பம் செய்யுற தப்பு, கௌரவம்னு நினைச்சு வீட்டுல நடந்த சண்டைய, கடன, காதல, முன்னாடி ஒரு தடவை தற்கொலைக்கு முயற்சி பண்ணினத மறைக்கிறது. மறைச்சா தேடுறவர் தப்பான திசைல போவாரு, அந்த நாட்கள் திரும்ப வராது.

ஆள் கிடைச்சா என்ன ஆகும்?

இந்தக் கேள்விய டிடெக்டிவ் வைக்கிறதுக்கு முன்னாடியே வீட்டுல உக்காந்து பேசிடணும்.

18 வயசு தாண்டின ஒருத்தர் தன் இஷ்டத்துக்கு வீட்ட விட்டுப் போறது குற்றம் கிடையாது. போலீஸ் அவங்களக் கண்டுபிடிச்சா வாக்குமூலம் வாங்குவாங்க, "நான் விருப்பப்பட்டுதான் போனேன், திரும்ப விருப்பம் இல்ல"னு சொன்னா கேஸ முடிச்சிடுவாங்க, இழுத்துட்டு வந்து ஒப்படைக்க முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமைனு 2017-ல 9 நீதிபதிகள் அமர்வு சொல்லியாச்சு, வயசுக்கு வந்தவங்க யார்கூட வாழணும்னு அவங்களே முடிவு பண்ணலாம்னு 2018-ல ஹாதியா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. போலீஸாலயே முடியாதது டிடெக்டிவால எப்படி முடியும்? "ஆளத் தூக்கிட்டு வந்து வீட்டுல விட்டுடுறோம்"னு ஒருத்தர் சொன்னா அவர் சொல்றது ஆள்கடத்தல், அதுக்குக் காசு கொடுத்தவங்களும் கூட்டாளிதான்.

இங்க ஒரு விஷயத்த மழுப்பாம சொல்லணும். நம்ம ஊர்ல சாதி மாறிக் கல்யாணம் பண்ணின பொண்ணத் தேடச் சொல்லி வர்ற "மிஸ்ஸிங்" வேலையும் இருக்கு. 2016 மார்ச்ல உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் பட்டப்பகல்ல, சாதி மாறிக் கல்யாணம் பண்ணின சங்கர வெட்டிக் கொன்னத இந்த மாநிலமே சிசிடிவில பார்த்துச்சு. அந்த மாதிரி வெறி இருக்கிற குடும்பத்துக்கு ஒரு அட்ரஸ எடுத்துக் கொடுக்குறது கத்திய எடுத்துக் கொடுக்குற மாதிரிதான். அதனாலதான் 2018-ல சக்தி வாஹினி வழக்குல இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லம், மாவட்டத்துக்கு ஒரு தனிப் பிரிவு வேணும்னு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. வீட்டுக்காரரோட அடி தாங்காம ஓடின மனைவியத் தேடச் சொல்ற புருஷன் விஷயமும் இதேதான். ஒரு பெண்ணத் திரும்பத் திரும்பப் பின்தொடர்றது நியாய சன்ஹிதா 78-ம் பிரிவுல குற்றம், டிடெக்டிவ்னு விசிட்டிங் கார்டு இருக்கிறதால மட்டும் அதுல இருந்து தப்பிக்க முடியாது.

அதனால பெரியவங்களத் தேடும்போது அக்ரிமெண்ட்லயே இப்படி எழுதச் சொல்லுங்க: ஆள் கிடைச்சா முதல்ல அவங்ககிட்ட "வீட்டுல தேடுறாங்க, உங்க விருப்பம் என்ன"னு கேக்கணும், அவங்க சம்மதிச்சாதான் அட்ரஸ் குடும்பத்துக்கு வரணும், இல்லனா "நல்லா இருக்காங்க"ங்கிற தகவல் மட்டும் வரணும். பெத்தவங்களுக்கு இது கசப்பாதான் இருக்கும். ஆனா உயிரோட இருக்காங்கனு தெரியுறதுக்கும், என்னைக்காவது தானா ஒரு போன் வர்றதுக்கும் இந்த வழிதான் திறந்திருக்கும்.

ஞாபக மறதி, மனநலப் பாதிப்பு: வேற மாதிரி தேடணும்

வயசான அப்பா வாக்கிங் போனவர் திரும்பல, மனநல மாத்திரை நிறுத்தின அண்ணன் ஒரு நாள் காலைல எந்திரிச்சுப் போயிட்டாரு. இவங்க ஒளிஞ்சு வாழல, தொலைஞ்சு போயிருக்காங்க. இவங்களத் தேடுறதுல தாமதமே கூடாது, முதல்ல பக்கத்துலதான் தேடணும், பழைய வீடு, பழைய ஆபீஸ், வழக்கமா போற கோயில், ஏரிக்கரை, முட்டுச்சந்துனு எல்லா இடமும்.

பக்கத்துல கிடைக்கலனா ரயில். விழுப்புரத்துல ஏறினவர் ரெண்டு நாள் கழிச்சு மகாராஷ்டிராவுல இறங்குவாரு, பாஷை தெரியாது, பேரக் கேட்டா ஏதோ சொல்லுவாரு, அங்க உள்ளவங்க காதுல விழுந்தபடி எழுதிப்பாங்க, அதோட அந்தப் பேர்ல தேடினா எந்த லிஸ்ட்லயும் அவர் வரமாட்டாரு. மனநலச் சட்டம் 2017, 100-ம் பிரிவுப்படி இப்படி அலையுறவங்களப் பார்த்தா அந்த ஊர் போலீஸ் எஃப்.ஐ.ஆர் போட்டு குடும்பத்தத் தேடியே ஆகணும், ஆனா பாஷை தெரியாத இடத்துல அது எவ்வளவு தூரம் நடக்கும்னு நமக்கே தெரியும். இந்த மாதிரி கேஸ்லதான் பல மாநிலத்துல ஆள் வச்சிருக்கிற ஏஜென்சிக்குக் காசு கொடுக்குறதுல அர்த்தம் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி காசே வாங்காம இந்த வேலையச் செய்யுறவங்களக் கேட்டுடணும். சென்னைல கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, 1993-ல இருந்து இயங்குற பேன்யன் அமைப்பு, மகாராஷ்டிராவுல கர்ஜத்ல ஷ்ரத்தா மறுவாழ்வு மையம், அத ஆரம்பிச்ச டாக்டர் பரத் வட்வானிக்கு 2018-ல மகசேசே விருது கிடைச்சதே இப்படி ரோட்டுல அலைஞ்சவங்களக் குணப்படுத்தி வீட்டுல சேர்த்ததுக்காகத்தான்.

ஆதாரும் ஒரு வழி திறந்து விட்டிருக்கு. காப்பகத்துல இருக்கிறவங்களுக்குப் புதுசா ஆதார் எடுக்கப் போனா கைரேகை ஏற்கனவே இருக்குனு ரிஜெக்ட் ஆகும், அத வச்சுப் பழைய விவரத்தத் தேடி வருஷக்கணக்குல பிரிஞ்சவங்க வீடு சேர்ந்திருக்காங்க. ஆனா ஆதார் விவரத்தக் கேட்டு வாங்க ஹைகோர்ட் நீதிபதி உத்தரவு வேணும், கைரேகை, கருவிழிப் பதிவ கோர்ட் கேட்டாலும் ஆதார் சட்டப்படி தரமாட்டாங்க. "ஆதார வச்சுக் கண்டுபிடிச்சுத் தர்றேன்"னு எந்த டிடெக்டிவ் சொன்னாலும் நம்பாதீங்க.

வெளிநாட்டு வேலைக்குப் போய்த் தொடர்பு அறுந்தவங்க விஷயம் தனி. 2022-ல மியான்மர்ல ஆன்லைன் மோசடிக் கும்பல்கிட்ட மாட்டின தமிழ்ப் பசங்க மீண்டு வந்தது அரசாங்கம், தூதரகம் வழியாத்தான். அந்த மாதிரினா வெளியுறவுத் துறையோட MADAD போர்ட்டல் (மதத்னா இந்தில உதவி), தமிழ்நாடு அரசோட அயலகத் தமிழர் நலத்துறை, இந்த ரெண்டுலயும் உடனே பதியணும். உள்ளூர் டிடெக்டிவால அங்க ஒண்ணும் ஆகாது.

காசு, அக்ரிமெண்ட்

ஏஜென்சிகளோட பெரும்பாலான வருமானம் கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை, பொண்ணு பத்தி விசாரிக்கிறதுலயும் விவாகரத்துக் கேஸ்லயும்தான் வருது. அதுல கைதேர்ந்தவர் காணாமப் போனவரத் தேடுறதுலயும் கைதேர்ந்தவர்னு சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு இவ்வளவுனு பேசுறது, மொத்தமா பேக்கேஜ், கொஞ்சம் அட்வான்ஸ் மீதி ஆள் கிடைச்ச பிறகுனு மூணு விதமா கேப்பாங்க. எதுவா இருந்தாலும் இதப் பாருங்க:

1. "கண்டிப்பா கண்டுபிடிப்போம்"னு கேரண்டி கொடுக்குறவர் வேண்டாம். யாராலயும் அந்த கேரண்டி கொடுக்க முடியாது.

2. எத்தன நாள், எந்த ஊர், எத்தன ஆள், என்ன செய்வாங்க, போக்குவரத்துச் செலவுக்கு உச்ச வரம்பு எவ்வளவு, எல்லாம் எழுத்துல வேணும். முதல்ல ஒரு வாரத்துக்கு மட்டும் போடுங்க, வேலையப் பார்த்துட்டு நீட்டிக்கலாம்.

3. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ரிப்போர்ட். "தேடிட்டு இருக்கோம் சார்"ங்கிறது ரிப்போர்ட் இல்ல. எந்தத் தேதி, எந்த இடம், யார்கிட்ட பேசினாங்க, என்ன சொன்னாங்கனு இருக்கணும். அதோட காப்பி விசாரணை அதிகாரிக்கும் போகணும், போலீஸுக்குச் சொல்லாம வச்சுக்கலாம்னு சொல்ற ஏஜென்சி சரியில்ல.

4. ஜிஎஸ்டி நம்பரோட பில் வாங்குங்க, இந்த சேவைக்கு 18 சதவீதம். அந்த நம்பர ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டா யார் பேர்ல, எந்த அட்ரஸ்ல இருக்குனு வரும். பணத்த பேங்க் வழியா கம்பெனிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்க, ஏமாத்தினா நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக இதுதான் ஆதாரம். 2 வருஷத்துக்குள்ள போடணும், கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது.

5. போட்டோ, ஆதார் காப்பி, பேங்க் விவரம் எல்லாத்தையும் மொத்தமா தூக்கிக் கொடுக்காதீங்க, தேடுறதுக்குத் தேவையானது மட்டும் போதும்.

இன்னொரு கொடுமையும் இருக்கு. காணவில்லைனு போட்டோவும் போன் நம்பரும் போட்டு வாட்ஸ்அப்ல பரப்பினதும் மோசடி ஆளுங்க கூப்பிடுவாங்க, "உங்க பையன் இங்க ஆஸ்பத்திரில இருக்கான், ஆக்சிடெண்ட், உடனே ஜிபே பண்ணுங்க"னு. பதறாம, போட்டோல தெரியாத ஒரு அடையாளத்தக் கேளுங்க, மச்சமோ தழும்போ வீட்டுல கூப்பிடுற பேரோ. அதுக்காகவே ஒரு அடையாளத்த விளம்பரத்துல போடாம வச்சுக்கணும், அது போலீஸுக்கு மட்டும் தெரிஞ்சா போதும். பணம் போயிட்டா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்க.

வருஷக்கணக்கா தகவலே இல்லனா

இதப் பேசவே மனசு வராது, ஆனா வீட்டுல மிச்சம் இருக்கிறவங்க வாழணும். 7 வருஷமா ஒருத்தரப் பத்தி, தெரிஞ்சிருக்க வேண்டியவங்க யாருக்குமே தகவல் இல்லனா அவர் இறந்ததா கோர்ட் அனுமானிக்கலாம், பழைய சாட்சியச் சட்டத்துல 108-ம் பிரிவா இருந்தது இப்ப பாரதிய சாக்ஷ்ய அதினியம்ல 111. அதுக்கு சிவில் கோர்ட்ல கேஸ் போடணும், அங்க முதல்ல கேக்குறது எஃப்.ஐ.ஆரும், தேடியும் கிடைக்கலனு போலீஸ் கொடுக்குற அறிக்கையும்தான். டிடெக்டிவ் ரிப்போர்ட் அதுக்குப் பதிலா நிக்காது.

மத்திய அரசு ஊழியர் காணாமப் போனா குடும்ப பென்ஷன் 7 வருஷம் காத்திருக்க வேண்டியது இல்ல, எஃப்.ஐ.ஆர் தேதில இருந்து 6 மாசம் கழிச்சுக் கேட்கலாம். ஸ்டேஷன்ல முதல் நாளே எஃப்.ஐ.ஆர் வாங்கணும்னு அவ்வளவு அழுத்திச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம், தேதி தள்ளிப் போனா இந்தக் கணக்கும் தள்ளிப் போகும். எல்.ஐ.சி. பாலிசி இருந்தா பிரீமியத்த விடாம கட்டிட்டு வரணும், ஏன்னா 7 வருஷம் முடிஞ்சு கேஸ் வரும்போதுதான் இறந்ததா அனுமானமே வரும், காணாமப் போன அன்னைக்கே இறந்தாருனு எடுத்துக்க முடியாதுனு 2004-ல அனுராதா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, நடுவுல பாலிசி காலாவதி ஆனா பணம் கைக்கு வராது.

அப்புறம் போன் நம்பர். காணாமப் போனவர் பேர்ல ஓடுற நம்பரயும், அவருக்கு மனப்பாடமா தெரிஞ்ச வீட்டு நம்பரயும் ரீசார்ஜ் பண்ணி உயிரோட வைங்க, விட்டா சில மாசத்துல அது வேற ஆளுக்குப் போயிடும். எங்கயோ ஒரு காப்பகத்துல மருந்து பிடிச்சுத் தெளிஞ்சு வர்ற ஒருத்தர் முதல்ல சொல்றது பல சமயம் பத்து இலக்க நம்பர்தான், அந்த நம்பர்ல நீங்க எடுக்கணும்.